ஐந்து நிமிட சார்ஜ், திரும்பி வந்த ஓநாய், மோத வரும் விண்கல்: அறிவியல் செய்திகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பெரிய அறிவியல் செய்தி வந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

தலைப்பைத் தாண்டி எண்ணைத் தேடுங்கள். ‘மூன்று மடங்கு வேகம்’ என்றால் எதைவிட மூன்று மடங்கு, எந்த வெப்பநிலையில், எத்தனை முறை செய்து பார்த்து? இந்த விவரங்கள் பெரும்பாலும் செய்தியின் கடைசிப் பத்திகளில் இருக்கும். அங்கே இல்லையென்றால் மூல ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தைப் படிக்கலாம். சுருக்கம் அநேகமாக எல்லா இதழ்களிலும் இலவசம். இயற்பியல், கணினியியல் கட்டுரைகள் ‘ஆர்க்கைவ்’ என்ற களஞ்சியத்தில் முழுதாகவே கிடைக்கும். அங்கே இருப்பது பெரும்பாலும் முன்பதிப்பு. முன்பதிப்பு என்பதாலேயே அது தவறாகிவிடாது. துறையின் மற்ற ஆய்வாளர்கள் அதை இன்னும் குறுக்கு விசாரணை செய்யவில்லை, அவ்வளவுதான்.

எண்ணைத் தேடிப் பிடிப்பதில் ஒரு சந்தோஷமும் உண்டு. தலைப்பு சொன்ன அதிசயம் சற்றே சுருங்கும். ஆனால் உள்ளே உண்மையில் நடந்த வேலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

‘5 நிமிடத்தில் முழு சார்ஜ்’ பேட்டரி ஆண்டுதோறும் செய்தியில் வருகிறது. கைக்கு ஏன் வருவதில்லை?

வந்துகொண்டுதான் இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக. தடை எங்கே என்று ஒரு கணக்குப் போட்டால் புரியும். 75 கிலோவாட் மணி பேட்டரி உள்ள காரை 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு ஏற்ற 52.5 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். அதை 10 நிமிடத்தில் ஏற்றுவதென்றால் சராசரியாக 315 கிலோவாட். 5 நிமிடத்தில் என்றால் 630 கிலோவாட். 400 வோல்ட் மின்னழுத்தத்தில் இதைச் செலுத்தினால் கேபிளில் 1,500 ஆம்பியருக்கு மேல் ஓடும். கேபிள் கையில் தூக்க முடியாத கனமாகிவிடும், இணைப்பு முனை கொதிக்கும். அதனால்தான் புதிய கார்கள் 800, 1,000 வோல்ட் என்று ஏறுகின்றன. 2025 மார்ச்சில் சீனக் கார் நிறுவனமான பிஒய்டி அறிவித்த அமைப்பு 1,000 வோல்ட், 1,000 ஆம்பியர், அதாவது ஒரு மெகாவாட். 5 நிமிடத்தில் 400 கிலோமீட்டர் ஓடும் அளவு ஏற்றலாம் என்றார்கள். காருக்கு வெளியே இருந்த பாதிப் பிரச்சினை இப்படித்தான் தீர்கிறது.

மீதிப் பாதி செல்லுக்குள் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு மின்முனையிலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைந்து உட்கார வேண்டும். அவை உள்ளே போகும் வேகத்தைவிட வந்து குவியும் வேகம் கூடினால், உள்ளே போக முடியாதவை மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். இதை லித்தியம் பூச்சு என்பார்கள். படிந்ததில் ஒரு பகுதி திரும்பப் பயன்படாது, கொள்ளளவு குறையும். படிவு ஊசி போல வளர்ந்து, இரு மின்முனைகளும் தொடாமல் தடுக்கும் பிரிப்பானைத் துளைத்தால் உள்ளேயே குறுக்குச் சுற்று ஏற்படும். குளிரில் அயனிகள் மந்தமாகும் என்பதால் இந்த ஆபத்து அதிகம். கார்கள் வேக சார்ஜுக்கு முன் பேட்டரியைச் சூடாக்கிக்கொள்வது இதற்காகவே. 80 சதவீதத்துக்கு மேல் வேகம் குறைவதற்குக் காரணம், செல்லின் மின்னழுத்தம் உச்ச வரம்பைத் தொட்டதும் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்தாக வேண்டும் என்பதே. ஆகவே ‘10 முதல் 80 வரை’ என்று சொல்பவர்கள் நேர்மையாகவே சொல்கிறார்கள்.

ஆய்வகச் செய்தியானால் இரண்டு எண்களைக் கேளுங்கள். ஒன்று, மின்முனையின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிஆம்பியர் மணி? கடைக்கு வரும் செல்களில் இது 3, 4 அளவில் இருக்கும். கட்டுரையில் 1 அல்லது அதற்கும் குறைவு என்றிருந்தால் மின்முனை மிக மெல்லியது. மெல்லிய மின்முனை எதுவானாலும் சட்டென்று சார்ஜ் ஆகும், ஆனால் ஆற்றலைக் கொஞ்சம்தான் பிடித்து வைக்கும். இரண்டு, அதே வேகத்தில் எத்தனை முறை ஏற்றி இறக்கிய பிறகு கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கியது? இந்த எண் இல்லாத வேக சார்ஜ் செய்தி பாதிச் செய்திதான்.

50 ஆண்டுகள் சார்ஜே போடாத அணு பேட்டரி வந்துவிட்டதாமே?

வந்தது உண்மை. 2024 ஜனவரியில் சீனாவின் பீட்டாவோல்ட் நிறுவனம் அறிவித்த பேட்டரியின் அளவு 15 மி.மீ. நீளம், 15 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன். உள்ளே கதிரியக்க நிக்கல்-63, அதன் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம்) ஏறத்தாழ 100 ஆண்டுகள் என்பதால் ‘50 ஆண்டு’ என்பதற்கு அடிப்படை இருக்கிறது. அது தரும் திறன் 100 மைக்ரோவாட். திரை எரிந்துகொண்டிருக்கும் ஒரு கைபேசிக்கு ஒரு வாட் என்று வைத்துக்கொண்டால் இதில் 10,000 பேட்டரி வேண்டும். ஒன்றின் கன அளவு 1.125 கன சென்டிமீட்டர். பத்தாயிரத்தையும் அடுக்கினால் 11 லிட்டருக்கு மேல். கைபேசிக்கு ஆகாது. ஆனால் யாரும் போய் பேட்டரி மாற்ற முடியாத இடத்தில் உட்கார்ந்து வெப்பநிலையையோ அழுத்தத்தையோ எப்போதாவது சொல்லும் உணரிக்கு 100 மைக்ரோவாட் தாராளம். அதற்கென்று பிறந்த பொருள் அது.

10,000 எம்ஏஎச் பவர்பேங்க் 5,000 எம்ஏஎச் கைபேசியை ஏன் இரண்டு முறை நிரப்புவதில்லை?

எம்ஏஎச் என்பது ஆற்றலின் அலகு அல்ல, அதனால்தான். பவர்பேங்கின் செல் 3.7 வோல்ட்: 10 ஆம்பியர் மணியை 3.7-ஆல் பெருக்கினால் 37 வாட் மணி. மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குவதிலும் கேபிளிலும் ஏறக்குறைய 15 சதவீதம் வெப்பமாகப் போகும். மிஞ்சுவது 31 வாட் மணி சொச்சம். கைபேசி பேட்டரி 5 ஆம்பியர் மணி, 3.85 வோல்ட், ஆக 19.25 வாட் மணி. வகுத்தால் 1.6 முறை. வாங்கும்போது பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள வாட் மணியையே பாருங்கள்.

அணுக்கரு இணைவில் ‘போட்டதைவிட அதிக ஆற்றல் கிடைத்தது’ என்றார்கள். இனி மின்சாரத்துக்குக் கவலையில்லையா?

2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கற்றைகள் எரிபொருள் உருண்டையை வைத்த சிறு உருளைக்குள் 2.05 மெகாஜூல் ஆற்றலைச் செலுத்தின, இணைவிலிருந்து 3.15 மெகாஜூல் வெளிவந்தது. ‘போட்டது’ என்றால் இலக்கில் வந்து விழுந்த லேசர் ஒளி மட்டுமே. அந்த லேசர்களை இயக்க மின்கட்டமைப்பிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல். கிடைத்த 3.15 மெகாஜூலை அப்படியே பயன்படுத்த முடிந்தால் பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்.

இதைக் கேட்டு ஏமாற்றமடைய வேண்டாம். எரிபொருள் தன் சொந்த வெப்பத்திலேயே மேலும் எரிந்து, தன்மீது விழுந்த ஆற்றலை மிஞ்சியது என்பதற்கு அதுவரை ஆய்வகச் சான்று இருக்கவில்லை. மின்நிலையம் ஆவதற்கு இன்னும் மூன்று வேலைகள் பாக்கி: லேசரின் செயல்திறன் பல மடங்கு உயர வேண்டும், ஒரு நாளைக்கு ஒரு வெடிப்பு என்பது ஒரு நொடிக்குப் பல வெடிப்பு என்றாக வேண்டும், எரிபொருளில் பாதியான டிரைட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனை உலையே லித்தியத்திலிருந்து உண்டாக்கிக்கொள்ள வேண்டும். டிரைட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள்தான், சேர்த்து வைத்துக் காலம் தள்ள முடியாது.

லேசர் இல்லாத காந்த வழியில் செய்தி வந்தால் பார்க்க வேண்டிய எண் வேறு. பிரான்சின் வெஸ்ட் இயந்திரம் 2025 பிப்ரவரியில் பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டம் பெற்ற மிகச் சூடான வாயுவை, 1,337 நொடிகள் தாக்குப்பிடிக்க வைத்தது. அது பிளாஸ்மாவைக் கட்டிக் காத்த நேரத்தின் சாதனை. ஆற்றல் லாபத்தின் சாதனை அல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

மீக்கடத்தி என்று பேசப்பட்ட எல்கே-99 என்னவாயிற்று?

2023 ஜூலையில் தென்கொரிய ஆய்வாளர்கள் ஈயம், செம்பு, பாஸ்பரஸ், ஆக்சிஜன் சேர்ந்த எல்கே-99 என்ற பொருள் 127 டிகிரி செல்சியஸ் வரை மின்தடையே இல்லாத மீக்கடத்தி என்று முன்பதிப்பு வெளியிட்டார்கள். காந்தத்தின் மேல் பாதி மிதக்கும் கறுப்புத் துண்டின் காணொளி உலகம் சுற்றியது. செய்முறை எளிது, பொருள் மலிவு. அதனால் பல நாடுகளின் ஆய்வகங்கள் சில நாட்களிலேயே அதைச் செய்து பார்த்தன. விடை சில வாரங்களில் வந்துவிட்டது. செய்முறையில் உபபொருளாகச் செம்பு சல்ஃபைடு உருவாகிறது. அது சுமார் 104 டிகிரியில் கட்டமைப்பு மாறும்போது மின்தடை சடாரென்று விழுகிறது, மீக்கடத்தியைப் போலவே தோன்றுகிறது. பாதி மிதப்பு சாதாரண காந்தத் தன்மையால் வந்தது. ஜெர்மனியில் கலப்பில்லாத தனிப் படிகமாக வளர்த்தபோது அது ஊதா நிறத்தில் ஒளி ஊடுருவும் பொருளாக இருந்தது, மின்சாரத்தையே கடத்தவில்லை.

மீக்கடத்தி என்று சொல்ல இரண்டு சோதனைகளிலும் தேற வேண்டும்: மின்தடை பூச்சியமாக வேண்டும், காந்தப் புலத்தைத் தன் உள்ளிருந்து வெளியேற்ற வேண்டும். ஒன்றை மட்டும் காட்டினால் காத்திருங்கள்.

விஞ்ஞானிகளே இப்படித் தவறு செய்தால் யாரை நம்புவது?

தவறைத் தாங்களே தேடுபவர்களை நம்பலாம். 2011 செப்டம்பரில் செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இத்தாலியின் கிரான் சாசோவுக்கு அனுப்பிய நியூட்ரினோ எனும் நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ நொடி முந்தி வந்ததாக அளவீடு காட்டியது. அளவீட்டைச் செய்த ஓபரா குழுவினர் ‘ஐன்ஸ்டைன் தோற்றார்’ என்று அறிவிக்கவில்லை. காரணம் தெரியவில்லை, நீங்களும் சோதியுங்கள் என்று தரவைப் பொதுவில் வைத்தார்கள். சில மாதங்களில் ஒரு ஒளியிழைக் கேபிள் சரியாகச் செருகப்படாதது தெரியவந்தது. அறிவியல் வேலை செய்யும் விதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரிந்து குறைவு.

குவாண்டம் கணினி வங்கிக் கடவுச்சொற்களை உடைத்துவிட்டதா?

இல்லை. 2024-ல் ‘ஆர்எஸ்ஏ குறியாக்கம் உடைந்தது’ என்று ஒரு செய்தி சுற்றியது. ஆர்எஸ்ஏ என்பது தரவைப் பூட்டும் ஒரு முறை; பெரிய எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது கடினம் என்பதே அதன் பலம். சீன ஆய்வாளர்கள் டி-வேவ் குவாண்டம் கணினியில் காரணிப்படுத்தியது 22 பிட் எண், அதாவது அதிகபட்சம் ஏழு இலக்கம். அப்படிப்பட்ட எண்ணுக்கு 2,048-க்குக் கீழே உள்ள 309 பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். சாதாரண கால்குலேட்டரோடு பொறுமையாக உட்கார்ந்தால் அன்றே முடித்துவிடலாம். நடைமுறையில் இருக்கும் ஆர்எஸ்ஏ சாவி 2,048 பிட், 617 இலக்கம். இன்றைய முறைகளில் ஒவ்வொரு பிட்டும் கூடக்கூட கஷ்டம் பெருகிக்கொண்டே போகும்.

ஆனாலும் இது சும்மா விட்டுவிடும் விஷயமும் அல்ல. 2,048 பிட் சாவியை உடைக்க 2 கோடி கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) வேண்டும் என்று 2019-ல் கணக்கிட்ட அதே கூகுள் ஆய்வாளர், 2025 மே மாதத்தில் 10 லட்சத்துக்கும் குறைவாகப் போதும், ஒரு வாரத்துக்குள் முடியும் என்று திருத்தினார். கூகுளின் வில்லோ சில்லில் இருப்பது 105 கியூபிட். இடைவெளி பெரிது, குறைந்துகொண்டும் வருகிறது. இன்று திருடி வைத்த தரவை நாளை உடைக்கலாம் என்பதால், அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டிலேயே குவாண்டத்துக்கு ஈடுகொடுக்கும் மூன்று குறியாக்கத் தரங்களை வெளியிட்டது. சிக்னல், ஐமெசேஜ் செயலிகள் அந்த வகைக் குறியாக்கத்துக்கு ஏற்கெனவே மாறத் தொடங்கிவிட்டன. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கைபேசிக்கும் உலாவிக்கும் வரும் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள், மாற்றம் அவற்றோடு சேர்ந்தே வரும்.

கடினமான தேர்வில் தேறும் செயற்கை நுண்ணறிவு ஒரு சொல்லின் எழுத்துகளை எண்ணுவதில் ஏன் தடுமாறுகிறது?

மொழி மாதிரி எழுத்துகளைப் பார்ப்பதில்லை. உரையை டோக்கன் எனப்படும் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஓர் எண்ணாக மாற்றி, அந்த எண்களைத்தான் பார்க்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15 பைட். டோக்கன் வெட்டும் கத்தி இதில் எங்கே விழும் என்பது, அந்த மாதிரியைப் பழக்கியபோது தமிழ் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தது. தமிழ் குறைவாக இருந்தால் சொல் நுணுக்கமாகச் சிதறும். ஒரே கருத்துக்கு அதிக டோக்கன் செலவாகும், விடை மெதுவாகும், கட்டணமும் கூடும். தமிழில் நிறைய எழுதி இணையத்தில் வைப்பது இந்தச் சிக்கலுக்கு நிஜமான மருந்துகளில் ஒன்று என்று உறுதியாக நம்புகிறோம்.

தேர்வு மதிப்பெண் செய்தியில் கேட்க வேண்டியது: அந்தக் கேள்வித்தாள் பயிற்சித் தரவில் முன்பே கலந்திருந்ததா? ஒரே முயற்சியா, பல முயற்சிகளில் சிறந்ததா? பயன்படுத்தும்போது எண், தேதி, சட்டப் பிரிவு, மருந்தளவு நான்கையும் மூலத்தில் சரிபார்க்காமல் எடுக்காதீர்கள். ‘மூலம் எது’ என்று அதனிடமே கேட்டால் இல்லாத கட்டுரைக்கும் அழகான தலைப்பு தரும்; இணைப்பைத் திறந்து அந்த வரி அங்கே இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

அழிந்துபோன டயர் ஓநாய் உண்மையிலேயே திரும்பி வந்ததா?

2025 ஏப்ரலில் கொலோசல் நிறுவனம் காட்டிய மூன்று வெள்ளைக் குட்டிகள் மரபணு திருத்திய சாம்பல் ஓநாய்கள். சாம்பல் ஓநாயின் ரத்தத்திலிருந்து செல்களை எடுத்து, 14 மரபணுக்களில் 20 இடங்களைத் திருத்தி, உட்கருவை நாயின் கருமுட்டைக்கு மாற்றி, வாடகைத் தாயாக நாயை வைத்துப் பிறக்க வைத்தார்கள். டயர் ஓநாயின் மரபணுத் தொகுதி சாம்பல் ஓநாயோடு 99.5 சதவீதம் ஒத்தது என்று நிறுவனமே சொன்னது. 240 கோடி எழுத்துகளில் மீதி அரை சதவீதம் என்பது 1.2 கோடி இடம். திருத்தியது இருபது.

ஆனால் அந்த இருபது பிரமாதமானவை! 13,000 ஆண்டு பழைய பல்லிலிருந்தும் 72,000 ஆண்டு பழைய மண்டையோட்டிலிருந்தும் மரபணுவைப் படித்தெடுத்தார்கள்; இருபது திருத்தங்களோடு ஆரோக்கியமான விலங்கு பிறந்தது. ஒரு குப்பி ரத்தத்திலிருந்து செல் எடுத்து நகலாக்கும் முறை, எண்ணிக்கை அருகிவிட்ட உயிரினங்களின் மரபணுப் பன்மையைக் காக்க உதவும். தலைப்பாக வந்திருக்க வேண்டியது இதுதான்.

‘புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும்’ என்றால் பயப்பட வேண்டுமா?

எதன் மேல் 18 சதவீதம் என்று கேளுங்கள். 2015-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை சொன்னது: தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி, பெருங்குடல் புற்றுநோய் ஆபத்தை 18 சதவீதம் கூட்டும். வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு அந்நோய் வரும் என்று கொண்டால், தினமும் அப்படிச் சாப்பிடும் 100 பேரில் அது ஏறக்குறைய 6 ஆகும். புகையிலையோடு ஒரே பிரிவில் அந்த இறைச்சியை வைத்தது சான்று எவ்வளவு உறுதி என்பதற்காக. ஆபத்து அதே அளவு என்பதற்காக அல்ல.

அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு பற்றிய செய்தியும் அப்படியே. 2023-ல் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பிரிவில் அது வைக்கப்பட்டது. அதே நேரம் உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. உணவு அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற வரம்பை மாற்றவில்லை. 70 கிலோ எடையுள்ளவருக்கு 2,800 மில்லிகிராம். ஒரு டின் சர்க்கரையில்லா பானத்தில் 200 முதல் 300 மில்லிகிராம் இருந்தால், வரம்பைத் தாண்ட தினமும் 9 முதல் 14 டின்களுக்கு மேல் குடிக்க வேண்டும்.

எலியில் குணமான நோய்க்கு நாள் குறிக்க வேண்டாம். மனிதர்கள்மீதான மூன்று கட்டச் சோதனைக்குள் நுழையும் மருந்துகளிலேயே பத்தில் ஒன்றுதான் ஒப்புதல் பெறுகிறது.

கே2-18பி கோளில் உயிர் இருக்கிறதா?

தெரியவில்லை என்பதே சரியான விடை. 124 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் அந்தக் கோளின் வளிமண்டலத்தில் டைமெத்தில் சல்ஃபைடு போன்ற மூலக்கூறின் தடம் தெரிந்ததாக 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். பூமியில் அதைக் கடல் நுண்ணுயிரிகள் உண்டாக்குகின்றன. அளவீட்டின் உறுதி மூன்று சிக்மா. தற்செயலாக அப்படித் தோன்ற ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு. இயற்பியலில் ‘கண்டுபிடித்தோம்’ என்று சொல்ல ஐந்து சிக்மா கேட்பார்கள். தவிர, உயிரில்லாத 67பி வால்வெள்ளியிலும் அதே மூலக்கூறின் தடம் கிடைத்திருக்கிறது.

விண்கல் மோதும் வாய்ப்பு ஒரு வாரம் கூடி, மறுவாரம் பூச்சியமாவது எப்படி? யாராவது மறைக்கிறார்களா?

மறைக்கவில்லை; வாய்ப்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். 2024 ஒய்ஆர்4 என்ற, ஏறத்தாழ 60 மீட்டர் விண்கல் 2024 டிசம்பர் 27-ல் கண்டுபிடிக்கப்பட்டது. 2032 டிசம்பர் 22-ல் அது எங்கே இருக்கும் என்று முதலில் கணக்கிட்டபோது, விடை ஒரு புள்ளியாக வரவில்லை. நீளமான ஒரு பட்டையாக வந்தது. பூமி அந்தப் பட்டைக்குள் ஒரு சிறு துண்டு. கூடுதலாகப் பார்க்கப் பார்க்கப் பட்டை சுருங்கும். பூமி இன்னும் அதற்குள்ளேயே இருந்தால் பட்டையில் பூமி பிடிக்கும் பங்கு பெரிதாகும், சதவீதம் ஏறும். 2025 பிப்ரவரி 18-ல் 3.1 சதவீதம் ஆனது இப்படித்தான். பிறகு பட்டையின் ஓரம் பூமியைக் கடந்து நகர்ந்தது. ஒரே வாரத்தில் வாய்ப்பு ஏறக்குறைய பூச்சியம். 2004-ல் அபோஃபிஸ் என்ற விண்கல் 2.7 சதவீதம் வரை ஏறி இறங்கியதும் இதே கதை.

நிஜமாகவே ஒன்று மோத வந்தால் கையில் ஒரு வழியும் இருக்கிறது. 2022 செப்டம்பர் 26-ல் நாசாவின் டார்ட் விண்கலம், பெரிய விண்கல் ஒன்றைச் சுற்றிவரும் டைமார்ஃபஸ் என்ற சிறிய விண்கல் மீது மோதி, 11 மணி 55 நிமிடமாக இருந்த அதன் சுற்றுக்காலத்தை அரை மணி நேரத்துக்கு மேல் குறைத்துக் காட்டியது.

அபோஃபிஸ் 2029 ஏப்ரல் 13-ல் பூமியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில், புவிநிலைச் செயற்கைக்கோள்களுக்கும் கீழே, பத்திரமாகக் கடந்து போகும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவில் வானம் தெளிவாக இருந்தால் தொலைநோக்கி தேவையில்லை; மெல்ல நகரும் ஒரு நட்சத்திரமாக வெறும் கண்ணுக்கே தெரியும்.